இறந்தாளா, வாழ்ந்திருந்தாளா?

தொலைநிலைக் கல்வி என்றதும் அஞ்சலில் வரும் பாடக்கட்டுகளே நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவில் கல்லூரிப் பாடங்களைத் தொலைக்காட்சி வழியே தயாரிக்க 1981இல் வால்டர் அன்னன்பர்க் 15 கோடி டாலர் அளிக்க முன்வந்தார். அந்நிதியின் வழிவந்தது 1992இல் வெளியான ஸ்பானிய மொழிப் பாடமான ‘தெஸ்தீனோஸ்’. விதி, சேருமிடம் ஆகிய இரு பொருளும் தரும் சொல் அது.

பாடத்தை வகுத்த பில் வான்பேட்டன், கேட்டுப் பொருளுணர்வதிலிருந்தே மொழி கைவருகிறது என்ற கருத்துடையவர். ஆகவே மாணவர்களுக்குக் கிடைத்தது 52 பகுதிகள் கொண்ட தொடர்கதை. மெக்சிகோவில் மரணத்தை எதிர்நோக்கும் முதியவர் தோன் ஃபெர்னாந்தோ. 1937 ஏப்ரல் 26 அன்று நடந்த கெர்னிக்கா குண்டுவீச்சில் தம் முதல் மனைவி ரொசாரியோ இறந்துவிட்டதாக நம்பியவர். அவள் இறக்கவில்லை என்று ஸ்பெயினிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. உண்மையைத் தேடி வழக்கறிஞர் ராக்கெல் பயணப்படுகிறாள்.

ஸ்பானியம் இடைநிலையை எட்டியவரை மலைக்கவைப்பவை அதன் இரு இறந்தகாலங்கள். ‘முரியோ’ என்றால் இறந்தாள், அச்செயல் முடிந்தது. ‘விவீயா’ என்றால் வாழ்ந்துகொண்டிருந்தாள். அதற்கு எல்லை சொல்லப்படவில்லை. ரொசாரியோவுக்கு இவற்றுள் எது பொருந்தும் என்பதே கதையின் முடிச்சு. வீட்டில் தனித்திருந்து பயில்பவர் விதியை மனனம் செய்யவில்லை, விடைக்காகக் காத்திருந்தார்.

கெர்னிக்கா மீது குண்டு விழுந்ததையே பிராங்கோவின் தரப்பு மறுத்தது. பின்வாங்கிய குடியரசுப் படையினரே ஊரை எரித்ததாகச் சொன்னது. அவ்வாறு மறைக்கப்பட்ட ஒரு நாளை, அயல்நாட்டு மாணவர்களின் வீட்டுக்குள் ஒரு மொழிப்பாடம் கொண்டுசேர்த்தது என்பதை நாம் குறித்துவைக்க வேண்டும்.