கொழும்புக் கடிதக் கட்டும் மயிலாப்பூர் லேப்டாப்பும்

மார்கழி சீசன் வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. ஜெர்மனியிலிருந்து ஒருத்தர் கச்சேரி கேட்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் மூன்று மாதத்துக்கு ஒரு ரூம். காலையில் பாட்டு கிளாஸ், மத்தியானத்திலிருந்து லேப்டாப். முதலாளி பெர்லினில், சம்பளம் பெர்லின் வங்கிக் கணக்கில், வரியும் அங்கேயே பிடித்துவிடுகிறார்கள். "இந்தியாவுக்கு நான் எதுக்கு வரி கட்டணும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் இதன் பாதியை நம்ம சட்டம் லேப்டாப் வருவதற்கு ரொம்ப நாள் முன்னாடியே பார்த்துவிட்டது. அதுவும் எதிரில் நின்றவர் வெளிநாட்டுக்காரர் இல்லை, ஒரு செட்டியார்.

1922 வருமான வரிச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை இங்கே கொண்டுவந்தால்தான் வரி. பர்மா, மலேயா, இலங்கை என்று தொழில் நடத்திய நகரத்தார் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். 1939 திருத்தம் அந்தக் கதவை மூடியது. யார் 'உள்நாட்டில் வசிப்பவர்' என்று வரையறை போட்டார்கள். 182 நாள் என்ற எண் அப்போதே வந்துவிட்டது. வசிப்பவர் என்றால், வெளிநாட்டு வருமானமும் கணக்கில் சேரும். கூட்டுக் குடும்பத்துக்கு மட்டும் நாள் கணக்கு கிடையாது, வேறு அளவுகோல்: குடும்ப விவகாரங்களின் கட்டுப்பாடும் நிர்வாகமும் முழுக்க முழுக்க வெளிநாட்டில் இருந்தால்தான் தப்பிக்கலாம்.

இந்த அளவுகோலில் மாட்டியவர் சுப்பையா செட்டியார். குடும்பத் தலைவர்; மனைவி மக்களோடு இலங்கையில் வசித்தவர்; தொழில் கொழும்பில். வழக்குக்குரிய ஆண்டில் ஏழு தடவை இந்தியா வந்தார், மொத்தம் 101 நாள் தங்கினார். 182-க்கு எவ்வளவோ குறைவு. ஆனால் வரி அதிகாரிகள் நாளை எண்ணவில்லை. கொழும்புக் கடையோடு நடந்த கடிதப் போக்குவரத்துக் கட்டைக் காட்டுங்கள் என்றார்கள். அவர் காட்டவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1950-ல் அங்கேயும் தோற்றார். நிர்வாகம் முழுக்க வெளியேதான் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது குடும்பம்தான், அரசு இல்லை என்றது தீர்ப்பு.

ஒரு எஞ்சினியராக எனக்கு இந்தத் தீர்ப்பில் பிடித்த விஷயம் அந்தக் கடிதக் கட்டுதான். ஊரில் உட்கார்ந்து கொழும்புக் கடைக்கு இப்படிச் செய், அப்படிச் செய் என்று எழுதினால் அது ரிமோட் வேலை இல்லாமல் வேறென்ன? இன்றைக்கு அந்தக் கட்டு ஸ்லாக்கில் இருக்கிறது, நேரம் நிமிஷத்தோடு.

அது தொழில் நடத்துகிறவர் கதை. நம்ம ஜெர்மன்காரர் சம்பளக்காரர். அதற்கான பதில் குஜராத்திலிருந்து வந்தது. வெளிநாட்டு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் இந்தியாவில் வந்து வேலை செய்தார். அவருக்குரிய பணத்தில் ஒரு பகுதி வெளிநாட்டிலேயே தரப்பட்டது. அந்தப் பகுதிக்கு இங்கே வரி உண்டா? 1961 சட்டம் 'இந்தியாவில் ஈட்டிய' சம்பளம் என்று மட்டும் சொன்னது. ஈட்டுவது என்றால் வேலை செய்த இடமா, பணம் பெறும் உரிமை பிறந்த இடமா? உரிமை பிறந்த இடம்தான் என்று குஜராத் உயர் நீதிமன்றம் பிக்னாடாலே வழக்கில் சொன்னது. தீர்ப்பு 1980-ல் சட்ட அறிக்கைகளில் வெளியானது. அப்படியே நின்றிருந்தால் இந்த எபிசோடே தேவைப்பட்டிருக்காது.

அரசு என்ன செய்தது? 1983 நிதிச் சட்டத்தில், ஒன்பதாவது பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்தது. இந்தியாவில் செய்த வேலைக்கான சம்பளம் இந்தியாவில் ஈட்டியதே. அதுவும் 1979 ஏப்ரல் 1-லிருந்தே செல்லும் என்று முன்தேதி போட்டு. கோர்ட்டில் தோற்றதும் பின்னாடி போய் விதியை மாற்றுவது எனக்கு உறுத்துகிற பழக்கம். ஆனால் விதி தெளிவு: பணம் எந்த ஊர் வங்கியில் விழுகிறது என்பது முக்கியமில்லை, கீபோர்டு எந்த ஊரில் இருக்கிறது என்பதே கேள்வி. 1961 சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் வரும் 2025 சட்டத்திலும் இதுதான் நிலை.

அப்போ மூன்று மாதம் வந்து போகிறவரெல்லாம் மாட்டிக்கொள்வாரா? இல்லை, ஒரு ஜன்னல் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவில் எந்தத் தொழிலும் செய்யாமலிருந்து, ஊழியர் ஒரு நிதியாண்டில் மொத்தம் 90 நாளுக்கு மேல் தங்காமலிருந்து, அந்தச் சம்பளத்தை நிறுவனம் இங்கே செலவாகக் கழிக்காமலும் இருந்தால் வரிவிலக்கு. டிசம்பர் 1-லிருந்து பிப்ரவரி 28 வரை எண்ணிப் பாருங்கள்: சரியாக 90. சீசன் முடிந்து கிளம்பினால் சரி. கபாலீஸ்வரர் கோயில் அறுபத்துமூவர் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றால் ஜன்னல் மூடிவிடும். அதே நிதியாண்டில் ஜூலையில் பத்து நாள் வந்திருந்தாலும் அந்தப் பத்தும் சேரும்.

மூடினால் அடுத்தது இரட்டை வரி ஒப்பந்தம். ஜெர்மனி ஒப்பந்தத்தில் வரம்பு ஒரு நிதியாண்டில் 183 நாள். முதலாளி இந்தியாவில் வசிப்பவராக இருக்கக் கூடாது. முதலாளிக்கு இங்கே நிரந்தர நிலையம் இருந்து, அது அந்தச் சம்பளச் செலவை ஏற்கவும் கூடாது. இதைக் கேட்டு வாங்க, தன் நாட்டு வரித்துறையிடமிருந்து வசிப்பிடச் சான்றிதழ் வேண்டும். கிளம்பும் முன்பே விண்ணப்பிப்பது நல்லது, அடையாறில் உட்கார்ந்துகொண்டு பெர்லின் அலுவலகத்தைத் துரத்துவது பாவம்.

இரண்டும் கிடைக்காதவர், பெர்லின் முதலாளி இங்கே வரி பிடிக்காத பட்சத்தில், தானே பான் எடுத்து, முன்கூட்டிய வரி கட்டி, ரிட்டர்ன் போட வேண்டும். அவர் அடிக்கடி கேள்விப்படும் '12 லட்சம் வரை வரி இல்லை' என்ற தள்ளுபடி உள்நாட்டில் வசிப்பவருக்கு மட்டும். வசிக்காதவருக்குப் புதிய முறையில் 4 லட்சத்துக்கு மேல் போனாலே வரி ஆரம்பம்.