‘சும்மா’ இருப்பவள் சுற்றிய தார்

ஆரணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித்தரும் சிறு அமைப்பொன்றை நடத்துகிறேன். எங்களிடம் பதிவு செய்ய வருபவர்களுக்கான படிவத்தில் ‘தற்போது செய்யும் தொழில்’ என்றொரு கட்டம் உண்டு. ஆண்கள் வந்தால் அதில் ஏதாவது ஒரு பதில் விழும். பெண்கள் வந்தால், கூட வந்த அம்மாவோ அண்ணனோ முந்திக்கொண்டு சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “வீட்டுல சும்மாதான் இருக்கா.”

இந்தச் ‘சும்மா’வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை எழுத, தறி இருக்கும் வீட்டுக்குள்ளிருந்துதான் தொடங்க வேண்டும்.

பட்டுப்புடவை தறியில் மட்டும் உருவாவதில்லை. இழையைப் பிரித்துச் சுற்ற வேண்டும். பாவு ஓட்டித் தெருவில் நீட்டிச் சரிபார்க்க வேண்டும். முடிந்த பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். நெய்பவரின் நாடாவுக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தார் நின்றால் தறி நிற்கும். குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கட்டையை மிதிக்கக் கால் வேண்டும். ராட்டைக்குக் கால் வேண்டாம். தரையில் அமர்ந்து ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றினால் போதும். அதனால் இளம்பிள்ளை வாதம் வந்த மகளுக்கு, சிறு வயதிலேயே, யாரும் முடிவெடுத்துச் சொல்லாமலே, ராட்டை ஒதுக்கப்பட்டுவிடுகிறது. காது கேளாத மகள் பாவு பிணைக்கிறாள். கூலியோ புடவைக் கணக்கில், நெய்தவர் பெயரில் வருகிறது. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள். இருந்தும் ‘நெசவாளி’ என்றதும் நம் மனக்கண்ணில் வந்து நிற்பவர் ஓர் ஆண்.

மறுவாழ்வு பற்றிய நம் வரலாறு இந்த வீட்டை எட்டிப் பார்க்கவே இல்லை. அது எழுதப்பட்டது இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள வேலூரில்.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்திக் காட்டினார். கை சரியானது, ஆனால் அந்தக் கைக்கு வேலை கொடுக்க ஊரில் யாரும் இல்லை. சிகிச்சையோடு தச்சு போன்ற தொழில்களையும் கற்பிக்க வேண்டிய தேவை அப்படித்தான் எழுந்தது. 1963இல் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு காட்பாடியில் தொடங்கிய பட்டறை, தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்கு இயந்திரத் தொழில் கொடுத்தது. இன்று ‘வொர்த் டிரஸ்ட்’ என்று அறியப்படுவது அதுதான்.

இந்த வரலாற்றின் நடுவே ஒரு பெண் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். கேரளத்திலிருந்து வேலூருக்கு மருத்துவம் படிக்க வந்த மேரி வர்கீஸ், 1954இல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மகப்பேறு மருத்துவராக நினைத்திருந்தவர், உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது எது என்று யோசித்து, தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் உருவானது. இந்தியாவில் அத்தகைய நிலையங்களில் அதுவே முதலாவது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவரை ‘மன உறுதியின் சின்னம்’ என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோவது சுலபம். நான் அவரிடம் பார்ப்பது வேறு. விபத்துக்கு முன்பே அவர் கையில் ஒரு பட்டம் இருந்தது. அவர் வேலைக்குத் திரும்புவதை வீணென்று நினைக்காத சக மருத்துவர்கள் இருந்தார்கள். அறுவை அரங்கு அவர் உயரத்துக்கு இறங்கி வந்தது. உறுதி எங்கள் ஊர்ப் பெண்களிடமும் இருக்கிறது. இல்லாதவை மற்ற மூன்றும்.

அடுத்த அத்தியாயம் சென்னையில் நடக்கிறது. சிறு வயதிலேயே செவித்திறனை இழந்த ஜெயஸ்ரீ ரவீந்திரன், 1995இல் எபிலிட்டி ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். நிறுவனங்களையும் மாற்றுத்திறனாளிகளையும் ஒரே கூடத்தில் சந்திக்கவைக்கும் வேலைவாய்ப்பு முகாம்களை நடத்தினார். கருணைக்கு அங்கே இடமில்லை. தகுதியைப் பார்த்து வேலை கொடுங்கள் என்பதே அவர் வைத்த வாதம். அதே 1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 ஆக்கியது. ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாயம் ஏதும் இல்லை. ஊக்கச் சலுகை மட்டுமே. ஒதுக்கீட்டைப் பேசும் 34ஆம் பிரிவில் பெண்களுக்கென உள்ஒதுக்கீடும் இல்லை.

விளைவை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கலாம். மாற்றுத்திறனாளி ஆண்களில் 47 விழுக்காட்டினர் வேலை செய்பவர்கள்; பெண்களில் 23. இந்த 23ஐப் படிக்கும்போதெல்லாம், கணக்கெடுக்க வந்தவரிடம் ஆரணித் தெருக்களில் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குக் கேட்கிறது.

எங்களிடம் வந்த ஒருவருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருந்தது. இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் சூம்பியவர். பத்தாம் வகுப்பு தேறியவர். புடவைக் கடையொன்றில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. ‘சும்மா இருக்கா’ என்று பதிந்த அதே அம்மா மறுநாள் தனியாக வந்தார்.

“அவ போயிட்டா தார் யாரும்மா சுத்தறது? தம்பி தறி நின்னுடுமே.”

“இவ்வளவு நாளா சும்மாதானே இருந்தாங்கன்னு சொன்னீங்க?”

அவர் பதில் சொல்லவில்லை. அவரைக் குற்றவாளியாக்க எனக்கு விருப்பமில்லை. அவரும் கூலியில்லாமல் பாவு பிணைத்தே முதுகு வளைந்தவர். பெயர் வைக்கப்படாத உழைப்பு அம்மாவிடமிருந்து மகளுக்கு வருகிறது. மகளின் உடல் குறைபாடு அதைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கிவிடுகிறது: கல்யாணம் இல்லை, வேறு எங்கும் போக முடியாது, சோறு போடுகிறோம், சுற்றட்டுமே.

மகள் கடைக்குப் போனார். வீட்டில் தார் சுற்ற வெளியாள் வைத்தார்கள், தினக்கூலிக்கு. முப்பது ஆண்டு வேலைக்கு அப்போதுதான் முதன்முதலாக ஒரு விலை தெரிந்தது.

எல்லாரையும் வெளியே அனுப்புவது எங்கள் நோக்கமில்லை. செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் ஏறிப்போக முடிந்தவர்கள் போகிறார்கள். ராட்டையை விரும்புபவர்களும் உண்டு. அவர்களுக்காக நாங்கள் கேட்பது, சுற்றிய தாருக்குத் தனிக் கூலி, அது அவர்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில். கைத்தறித் தொழிலாளர் அடையாள அட்டை நெய்பவருக்கு மட்டுமல்ல, துணைப் பணி செய்பவர்களுக்கும் உரியது. மாற்றுத்திறனாளி அட்டை வாங்க வரும் பெண்ணிடம் இந்த அட்டைக்கும் விண்ணப்பம் எழுதி வாங்குகிறோம். படிவத்தையும் மாற்றிவிட்டோம். இப்போது தொழில் கட்டத்துக்குக் கீழே இரண்டு கேள்விகள் இருக்கின்றன: ‘காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறீர்கள்? அதற்கான காசு யார் கைக்குப் போகிறது?’ பதிலைக் கூட வந்தவர் சொல்லக் கூடாது. அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். காது கேளாதவர் என்றால், சைகை தெரிந்த தோழி வரும்வரை காத்திருக்கிறோம்.