வரம்

தமிழ்க் கிறித்தவ வழக்கில் ஆவிக்குரிய கொடையைக் குறிக்கும் ‘வரம்’, தேர்ந்துகொள்ளுதல் எனப் பொருள்படும் வடமொழி வேரிலிருந்து பிறந்தது. புராணங்களில் அது தவமிருந்து, தான் விரும்பியதைக் கேட்டுப் பெறுவது. ஆனால் அச்சொல் பெயர்க்கும் ‘காரிஸ்மா’ என்னும் கிரேக்கச் சொல், அருள் எனப் பொருள்படும் ‘காரிஸ்’ என்பதன் வழிவந்ததாதலின், தகுதி பாராது அளிக்கப்படும் கொடையையே உணர்த்துகிறது. புதிய ஏற்பாட்டில் 17 இடங்களில் வரும் இச்சொல், 1 பேதுரு 4:10 நீங்கலாக, பவுலின் பெயர் தாங்கிய நிருபங்களிலேயே காணப்படுகிறது. ஆவியானவர் தம் விருப்பப்படி பகிர்ந்தளிக்கிறார் என 1 கொரிந்தியர் 12:11 கூறுவதால், தேர்வு கொடுப்பவரிடம் இருக்கிறது. எனினும் அதே அதிகாரத்தின் இறுதி வசனம் மேலான வரங்களை நாடச் சொல்வதால், பழைய வேர்ப்பொருள் முற்றும் அற்றுப்போகவில்லை எனலாம். கத்தோலிக்கர் வழங்கும் ‘அருள்கொடை’ மூலத்துக்கு இன்னும் நெருக்கமானது.

வரத்துக்கேற்ற பணியைச் சுட்டும் ‘ஊழியம்’, பந்தி பரிமாறுதலையும் குறித்த ‘தியாகோனியா’வின் பெயர்ப்பு. 12:28இல் ‘ஆளுகைகள்’ எனப்படுவதோ, மூலத்தில் கப்பலைச் செலுத்தும் மாலுமியின் திறத்தை உணர்த்தும் சொல். ‘ஆளுகை’ என்பதில் அதிகாரம் நின்று, சுக்கான் மறைந்துவிட்டது.