பூமிசாத்திரப் பாடத்தில் சொல்லப்படாத பாதி

நாங்கள் படித்த காலத்தில் புவியியல் என்ற சொல் வழக்கத்துக்கு வந்திருந்த போதிலும், எங்கள் ஆசிரியரின் வாயில் அது பூமிசாத்திரமாகவே இருந்தது. 1960களின் நடுப்பகுதி. வடபகுதியில் கரையோரக் கிராமம் ஒன்றின் பாடசாலை. ஆசிரியர் உலகப் படத்தைச் சுவரில் தொங்கவிட்டுப் பிரம்பின் நுனியால் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். எரிமலை என்றால் இத்தாலியின் வெசூவியஸ். பூமியதிர்ச்சி என்றால் ஜப்பான். நாங்கள் எழுந்து நின்று ஒப்புவிப்போம். வகுப்பறை யன்னலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தது. அந்தக் கடலைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இருந்ததாக நினைவில்லை.

1964 டிசம்பர் 22ஆம் திகதி, மார்கழி விடுமுறையில், அந்தப் பெரும் சூறாவளி இலங்கையின் வடபகுதியைக் கடந்து சென்றது. அன்றிரவு பாக்கு நீரிணையின் மறுகரையில் தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கு சென்றுகொண்டிருந்த புகையிரதம் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலுக்கு இரையானது. எங்கள் கிராமத்தில் கூரைகள் பறந்தன. வள்ளங்கள் வளவுகளுக்குள் கிடந்தன. தை மாதம் பாடசாலை திறந்தது. விட்ட இடத்திலிருந்து பாடம் தொடர்ந்தது. கனடாவின் கோதுமை விளைச்சல்!

அந்த ஆசிரியரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட புத்தகத்தை அவர் நேர்மையாகக் கற்பித்தார். அப்புத்தகம் தந்த பூமி, பிறருடைய பூமியாக இருந்தது என்பதே இங்கு சொல்ல வந்த விடயம்.

அவரே ஒரு நாள் பழைய உலகப் படம் ஒன்றிலிருந்து தென்னமெரிக்காவையும் ஆபிரிக்காவையும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்திக் காட்டினார். அல்பிரட் வெகெனர் என்ற ஜேர்மன் அறிஞர் 1912ஆம் ஆண்டிலேயே கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னதாகவும், அறிஞர்கள் பலர் அதனை ஏற்கவில்லை என்றும் கூறினார். கண்டங்களை நகர்த்தும் விசை எது என்ற கேள்விக்கு வெகெனரிடம் திருப்தியான விடை இருக்கவில்லை. 1930இல் கிரீன்லாந்தின் பனிவெளியில் அவர் உயிர் துறந்தார். ஆர்தர் ஹோம்ஸ், பூமியின் உட்பகுதியில் வெப்பத்தால் எழும் மெதுவான சுழற்சியே அந்த விசை என விளக்க முயன்றார். 1962இல் ஹரி ஹெஸ் கடற்தளம் விரிவடைகின்றது என்ற கருத்தை வெளியிட்டார். கடலடிப் பாறைகளில் பதிந்திருந்த காந்தத் தடங்கள் அதற்குச் சான்றாயின. 1960களின் இறுதிக்குள் புவித்தகட்டுக் கொள்கை நிலைபெற்றது. நாங்கள் ஒரு கதையாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அது உலகின் வேறு மூலைகளில் விஞ்ஞானமாகிக்கொண்டிருந்தது.

பின்னர் இங்கும் அது பாடமாயிற்று. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் வரலாறும் புவியியலும் குடியியலும் சமூகக் கல்வி என்ற ஒரே பாடத்தில் கரைந்துபோன போதிலும், உயர்தர வகுப்பில் புவியியல் தனிப் பாடமாக நீடித்தது. செங்கை ஆழியான் என்ற பெயரில் நாவல்கள் எழுதிய க. குணராசா, மாணவர்களுக்காகத் தமிழில் புவியியல் நூல்களை எழுதினார். தகடுகளின் எல்லைகளை வரைந்து காட்டக்கூடிய மாணவர் தலைமுறைகள் உருவாகின.

அந்த வரைபடத்தைப் பார்த்து நாம் கற்றுக்கொண்ட வாக்கியம் ஒன்றுண்டு: இலங்கை தகட்டின் எல்லையில் இல்லை, ஆகவே பெரும் பூமியதிர்ச்சி அபாயத்திலிருந்து பெருமளவு பாதுகாப்பானது. இது பொய்யல்ல. ஆயினும் பாதி உண்மை. அதிர்ச்சி தகட்டின் எல்லையில் நிகழும். அதனால் எழும் அலைக்கு எல்லை கிடையாது. இந்த மறுபாதியை யாரும் பரீட்சையில் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம். அப்போதைய இலங்கை நேரப்படி காலை 6.59 மணியளவில், சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில், இந்தியத் தகடு பர்மாத் தகட்டின் கீழ் வழுக்கியது. உடைவு 1,200 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்துக்குப் பரவியது. அளவு 9.1. ஹவாயிலுள்ள பசுபிக் எச்சரிக்கை நிலையம் 15 நிமிடங்களில் தனது முதலாவது அறிக்கையை வெளியிட்டது. பசுபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றது அந்த அறிக்கை. இந்து சமுத்திரத்துக்கு அவ்வாறான ஒரு நிலையமே அன்று இருக்கவில்லை.

நான் கொழும்பில் வீட்டில் இருந்தேன். காலைத் தேநீரோடு வானொலியில் கேட்டேன்: சுமாத்திராவுக்கு அருகே கடலில் நிலநடுக்கம். மறுநாள் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் ஒரு பத்தி போதும் என்று மனதில் கணக்கிட்டேன். அலை கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் ஆயின. கிழக்கிலிருந்து எமது செய்தியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, கடல் ஊருக்குள்ள வந்திட்டுது" என்று கத்தியபோது, அது என்னவென்று சொல்ல எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது இளம் நிருபராக அங்கு சென்று, தென்னந்தோப்புகள் ஒரே திசையில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து எழுதியவன் நான். புவித்தகடுகளைப் பற்றியும் வாசித்திருந்தேன். கடலடியில் பூமி அசைந்தால் கடல் அசையும் என்ற இரண்டு துண்டுகளையும் என்னால் பொருத்திப் பார்க்க முடியவில்லை. அன்று நான் பொருத்திப் பார்த்திருந்தாலும் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்க முடியும் என்பது வேறு கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டு இன்றுவரை அகலவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கடல் பெருகிவரும் என்பது நமக்குத் தெரியாததா? மணிமேகலை, காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதைச் சொல்கின்றது. மகாவம்சம், களனியைக் கடல் சூழ்ந்ததைச் சொல்கின்றது. முன்னதில் இந்திர விழா கைவிடப்பட்டமை காரணம்; பின்னதில் மன்னன் நிரபராதியான துறவியைக் கொன்றமை காரணம். இரண்டும் யாருடைய குற்றத்தால் கடல் வந்தது என்று கூறுகின்றன. கடல் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று இரண்டும் கூறவில்லை. 1883 ஓகஸ்ட் 27இல் கிரகதோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்தில் கடல் பின்வாங்கியது. கிழக்குக் கரையில் பாணமையில் ஒரு பெண் அலையில் உயிரிழந்தார். இந்தக் குறிப்புகள் ஆங்கில அறிக்கைகளில் உறங்கின. பாடப்புத்தகத்துக்கு அவை வந்து சேரவில்லை.

இதே அனர்த்தத்தின்போது, அதிர்ச்சியின் மையத்துக்கு மிக அருகிலிருந்த சிமலூ தீவில் ஏறத்தாழ 78,000 மக்களில் உயிரிழந்தோர் 7 பேர் மாத்திரமே. 1907இல் அங்கு ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டுபோயிற்று. தப்பியவர்கள் அதற்கு ஸ்மொங் என்று பெயரிட்டு, நிலம் பலமாக அதிர்ந்து கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்று பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தார்கள். 97 ஆண்டுகள் கழித்து அந்தச் சொல் அவர்களைக் காத்தது.

ஜப்பானில் 1854ஆம் ஆண்டு ஹமகுச்சி கொர்யோ என்பவர், பேரலை வந்த இருளில் நெற்போர்களுக்குத் தீ வைத்து, அந்த வெளிச்சத்தால் கிராமத்தவருக்கு மேட்டுக்கு வழி காட்டினார். அக்கதை 1937 முதல் 1947 வரை அந்நாட்டின் ஆரம்பப் பாடசாலை வாசிப்பு நூலில் இடம்பெற்றிருந்தது.

தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறையைக் கழிக்கச் சென்றிருந்த டில்லி சிமித் என்ற 10 வயது ஆங்கிலச் சிறுமியின் கதையும் உலகறிந்தது. கடல் நுரைத்துப் பொங்கிய விதத்தைக் கண்ட அவள், இரண்டு வாரங்களுக்கு முன்னர் புவியியல் வகுப்பில் படித்தது இதுவே என்று பெற்றோரிடம் அடம்பிடித்தாள். கடற்கரையிலிருந்து ஏறத்தாழ நூறு பேர் உரிய நேரத்தில் விலகினர். அச்சிறுமி கற்ற புவித்தகடுகளையே நமது பிள்ளைகளும் கற்றனர். ஆனால் அவளுடைய ஆசிரியர், அலை வருமுன் கடல் எப்படி இருக்கும் என்பதையும் காட்டியிருந்தார்.

2004இன் பின்னர் பல மாற்றங்கள் நிகழ்ந்தன என்பதை மறுப்பதற்கில்லை. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறைமை அமைந்தது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ச்சி ஏற்பட்டபோது, கிழக்குக் கரை மக்கள் அலைக்காகக் காத்திராமல் உள்ளூருக்குள் நகர்ந்தனர். பேரலை எழவில்லை, ஆனால் மக்கள் பாடம் கற்றிருந்தார்கள்.

ஆயினும் அதே பாதி உண்மை இப்போது காலநிலை மாற்றம் என்ற அத்தியாயத்தில் குடியேறிவிட்டதோ என்று அஞ்சுகிறேன். பிள்ளைகள் துருவப் பனி உருகுவதைப் படிக்கிறார்கள். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்ததைப் படிக்கிறார்கள். சுண்ணக்கல்லின் மேல் நிற்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர்க் கிணறுகளுக்கு அந்த உயர்வு என்ன செய்யும் என்பதையும் சேர்த்துப் படிக்கிறார்களா? வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் வளி ஏறத்தாழ 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது விஞ்ஞானம். மழை ஒரே மூச்சில் கொட்டினால் மலைச்சரிவில் லயன் அறையில் வாழும் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதே அதன் மறுபாதி. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்தது. அப்பகுதி அபாயமானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டன. தனியொரு புயலுக்குக் காலநிலை மாற்றமே காரணம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. இத்தகைய மழைக்கு ஆயத்தமாகாமல் இருக்கவும் முடியாது.

அண்மையில் கரையோர ஊர் ஒன்றில் உறவினர் வீட்டில் ஒரு மாணவியைச் சந்தித்தேன். சுனாமி என்றால் என்ன என்று கேட்டேன். வரைவிலக்கணத்தைப் பிழையின்றிச் சொன்னாள். உங்கள் பாடசாலையிலிருந்து மேடான இடம் எந்தப் பக்கம், நடந்து போக எத்தனை நிமிடம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அது பாடத்தில இல்லைத் தாத்தா" என்றாள்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனம் அனுட்டிக்கிறோம். மாண்டவர்களுக்குச் செய்யவேண்டிய மரியாதை அது. ஆனால் அந்த நாள் விடுமுறைக் காலத்தில் வருகின்றது, வகுப்பறைகள் பூட்டியிருக்கும். தை மாதம் பாடசாலை திறக்கும் முதல் வாரத்தில், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அருகிலுள்ள மேட்டுநிலத்துக்கு ஒரு தடவை நடத்திச் செல்ல எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை. ஆசிரியர்கள் மனம் வைத்தால் போதும்.