கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ்: "எனக்கும் தெரியாது" என்று சொன்ன விமானி

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2019 ஆகஸ்ட் 25. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஒரு முதியவர் இறந்தார். இன்னும் ஆறு நாள் இருந்திருந்தால் 88 வயது.

பெயர் ஆல்ஃப்ரெட் ஹெய்ன்ஸ். எல்லாருக்கும் "ஆல்".

1931இல் டெக்சாஸ் மாநிலத்தின் பாரிஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். (ஆமாம், அங்கேயும் ஒரு பாரிஸ் இருக்கு.) 1952இல் கடற்படையின் விமானப் பயிற்சியில் சேர்ந்து, மரைன் படையில் விமானியாக இருந்தார். 1956இல் படையை விட்டு வந்து யுனைடெட் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். அதற்குப் பிறகு 33 வருஷம் பெரிய செய்தி எதுவும் இல்லை.

ஒரு விமானியைப் பற்றி செய்தி இல்லை என்றால் அவர் ஒழுங்கா வேலை பார்க்கிறார்னு அர்த்தம். மயக்க மருத்துவரும் அப்படித்தான்.

பிறகு வந்தது 1989 ஜூலை 19.

டென்வரிலிருந்து சிகாகோவுக்கு யுனைடெட் 232. டிசி-10 ரக விமானம். உள்ளே 296 பேர். குழந்தைகளுக்குக் கட்டணச் சலுகை இருந்ததால் 52 குழந்தைகள்.

மதியம் 3.16. உயரம் 37,000 அடி. சாப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. பின்னால் "டமார்" என்று ஒரு சத்தம்.

வாலில் இருந்த இரண்டாவது எஞ்சினின் விசிறித் தகடு உடைந்து சிதறிவிட்டது. டைட்டானியத்தில் செய்த தகடு. வார்க்கும்போதே உள்ளே இருந்த ஒரு சின்னக் குறை, பல வருஷமாக விரிசலாக வளர்ந்திருக்கிறது. பரிசோதனையிலும் கண்ணில் படவில்லை. அறிகுறியே காட்டாமல் வளர்ந்து ஒருநாள் வெடிக்கும் அனியூரிசம் போல.

எஞ்சின் போனது பிரச்னை இல்லை. மீதி இரண்டில் பறக்கலாம். ஆனால் சிதறிய துண்டுகள் ஹைட்ராலிக் குழாய்களை அறுத்துவிட்டன.

ஹைட்ராலிக் என்பது விமானத்தின் ரத்த ஓட்டம் மாதிரி. இறக்கையையும் வாலையும் அசைப்பது அந்த எண்ணெயின் அழுத்தம்தான். ஒன்று போனால் இன்னொன்று என்று மூன்று தனித்தனி அமைப்பு வைத்திருந்தார்கள். மூன்றும் ஒரே நேரத்தில் போகவே போகாது என்று நம்பியதால், அதற்குக் கையேட்டில் ஒரு பக்கம் கூட இல்லை.

மூன்றும் போய்விட்டன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் எதுவும் நடக்கவில்லை. விமானம் வலது பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது.

ஹெய்ன்ஸ் இடது எஞ்சினைக் குறைத்து வலது எஞ்சினைக் கூட்டினார். இறக்கை மெல்ல மேலே வந்தது. இனி கையில் இருப்பது இந்த இரண்டு எஞ்சின் லீவர்கள் மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் அவர் பெரிய மனுஷன் ஆகிறார்.

பயணிகளில் டென்னிஸ் ஃபிட்ச் என்று ஒருவர். டிசி-10 விமானிகளுக்குப் பயிற்சி தருபவர். 1985இல் ஜப்பானில் ஹைட்ராலிக் போய் 520 பேர் இறந்த விபத்தைப் படித்து, அதே நிலையை சிமுலேட்டரில் முயன்று பார்த்தவர். உதவட்டுமா என்று கேட்டு அனுப்பினார்.

57 வயசு, ஏறத்தாழ 30,000 மணி நேரம் பறந்த கேப்டன். "என் விமானம், நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். ஹெய்ன்ஸ் அவரைக் காக்பிட்டுக்கு உள்ளே கூப்பிட்டு லீவர்களை அவர் கையில் கொடுத்தார். துணை விமானி வில்லியம் ரெக்கார்ட்ஸ், ஃப்ளைட் எஞ்சினியர் டட்லி டிவோராக், ஃபிட்ச், ஹெய்ன்ஸ். நாலு பேரும் பேசிப் பேசி, முயன்று முயன்று, 44 நிமிஷம் அந்த விமானத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததா? இல்லை. சொல்லிக்கொடுத்தது.

1978 டிசம்பரில் போர்ட்லாண்ட் அருகே இதே நிறுவனத்தின் விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். சக்கரக் கோளாறிலேயே கேப்டனின் கவனம். எரிபொருள் குறைகிறது என்று கூட இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. அதன்பிறகு நாசா 1979இல் கூட்டம் போட்டது. 1981 முதல் யுனைடெட் தன் விமானிகளுக்குப் பாடம் எடுத்தது. சாரம் இதுதான்: கேப்டன் கடவுள் இல்லை. கேளுங்க. மத்தவங்களைப் பேச விடுங்க.

அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் நாங்கள் பிழைத்திருக்க மாட்டோம் என்று ஹெய்ன்ஸ் கடைசி வரை சொன்னார்.

மாலை 4 மணி. அயோவா மாநிலம், சூ சிட்டி விமான நிலையம். மணிக்கு சுமார் 400 கிமீ வேகத்தில் வலது இறக்கை முதலில் தரையைத் தொட்டது. விமானம் உடைந்து, தீப்பிடித்து, சோளக்காட்டுக்குள் போய் விழுந்தது.

112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். (சில பதிவுகளில் 111 என்று இருக்கும். ஒருவர் 31 நாள் கழித்து மருத்துவமனையில் இறந்ததால் வந்த வித்தியாசம்.)

இதில் மருத்துவமும் இருக்கு. மருத்துவமனைகளில் அப்போது ஷிஃப்ட் மாறும் நேரம். வீட்டுக்குக் கிளம்பியவர்கள் கிளம்பவில்லை. இரண்டு ஷிஃப்டும் சேர்ந்து நின்றது. தேசியக் காவல் படையினர் 285 பேர் நிலையத்திலேயே பணியில் இருந்தார்கள். பெரிய விமான விபத்துக்கான ஒத்திகையை அந்த ஊர் 1987இல்தான் நடத்தியிருந்தது. ஒத்திகை என்றால் சலித்துக்கொள்ளும் நம்மாட்கள் கவனிக்க.

நொறுங்கிய காக்பிட்டைப் பார்த்து உள்ளே யாரும் உயிரோடு இல்லை என்றே நினைத்திருக்கிறார்கள். 35 நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது. நாலு பேருமே உயிரோடு இருந்தார்கள்.

ஹீரோ என்று கூப்பிட்டால் ஹெய்ன்ஸுக்குப் பிடிக்காது. பிழைத்த 184ஐ விட இறந்த 112தான் அவரைத் துரத்தியது. நான் மட்டும் ஏன் பிழைத்தேன் என்ற குற்ற உணர்வு. அதை மறைக்காமல் ஆலோசகரிடம் பேசினார், வெளியிலும் பேசினார். மூன்று மாதத்தில் மீண்டும் பறந்தார். 1991இல் 60 வயதில் ஓய்வு. பிறகு ஊர் ஊராகப் போய் இந்தப் பாடத்தைச் சொன்னார். லீவு நாளில் சிறுவர் பேஸ்பால் ஆட்டத்துக்கு அம்பயர்.

பிற்காலத்தில் அவர் மகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்பட்டது. பணம் போதவில்லை. உதவி அனுப்பியவர்களில் 232இல் பிழைத்தவர்களும் இருந்தார்கள்.

இதை ஏன் நான் எழுதுறேன்?

ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலம். ஓர் இரவு, வார்டு சிஸ்டர் வந்து, "டாக்டர், அந்த பெட் பேஷண்ட்டை இன்னொரு தடவை பாருங்களேன், எனக்கு என்னமோ சரியா படல" என்றார். பத்து நிமிஷம் முன்னாடிதான் பிபி பார்த்தேன். "நான் பார்த்துட்டேன் சிஸ்டர்" என்றேன். குரலில் எரிச்சல். அவர் போகவில்லை. "நானும் கூட வரேன் டாக்டர், ஒரு தடவை" என்றார்.

போய்ப் பார்த்தால் நாடி 130. வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. உடனே தியேட்டருக்குக் கொண்டு போனோம். பிழைத்துவிட்டார்.

அந்த உயிரைக் காப்பாற்றியது என் படிப்பு இல்லை. சிஸ்டரின் பிடிவாதம். என் எரிச்சலுக்குப் பயந்து அவர் திரும்பிப் போயிருந்தால்?

2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு ஒரு செக்லிஸ்ட் தந்தது. கத்தி வைக்கும் முன் எல்லாரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். தமாஷாகத் தெரியும். பெயர் சொல்லி வாய் திறந்தவர், தப்பு நடந்தாலும் வாய் திறப்பார். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் செய்த ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. இது விமானத் துறையிடமிருந்து நாம் கற்றது.

அடுத்த முறை உங்களைவிட வயதிலோ பதவியிலோ சின்னவர் "ஒரு தடவை பாருங்களேன்" என்று சொன்னால், ஒரே ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

கேப்டன் ஹெய்ன்ஸுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.