தோட்டத்து வீடுகளில் இருந்த புத்தகங்கள்

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றை எழுத முனைவோர் பெரும்பாலும் நிருவாகத்தின் ஆவணங்களையே நாடுகின்றனர். செக்ரோல் ஏட்டில் தொழிலாளியின் பெயரை எழுதியவர் கிராணியார். பெயருக்கு எதிரே வேலை நாளும் கூலியும் இருக்கும். அத்தொழிலாளி என்ன படித்தார், எதைப் பொத்திவைத்தார் என்பதை அவ்வேடு சொல்லாது. அதைச் சொல்லவல்லவை அவர் வீட்டிலிருந்த அச்சுப் புத்தகங்களே.

தமிழ் எழுத்தில் முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் அச்சானது. ஆயினும், எளிய மக்களின் கைக்குப் புத்தகம் வந்து சேர மேலும் பல தலைமுறைகள் ஆயின. 1835-இல் அச்சகங்கள் மீதான கட்டுப்பாடு நீங்கிய பின்னர், சென்னையில் மலிவுப் பதிப்புகள் பெருகின. 'பெரிய எழுத்து' விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை முதலியவை அவ்வாறு வந்தவையே. இரத்தின நாயகர் போன்ற பதிப்பாளர்கள் இவற்றை வெளியிட்டனர். சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணியின் ஆள்களாகவும் கடல் கடந்த நம் முன்னோருடன் இக்கதைகளும் வந்தன. எழுத்து பெரிதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் மண்ணெண்ணெய் விளக்கொளிக்கும் அதுவே ஏற்றது. ஒருவர் உரக்கப் படிக்க, லயத்து வாசலில் பலர் கேட்டனர். ஒரு புத்தகம் பத்து வீட்டுக்குப் போதுமானதாயிற்று.

பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன்பின் பாடநூலும் வீட்டுக்குள் வந்தது. போருக்கு முன்னர் அவை தமிழகத்திலிருந்தே வந்தமையால், ரப்பர் மரத்தடியில் வளர்ந்த பிள்ளை காவிரியைப் பற்றிப் படித்தது. 1975-இல் பாடநூல் இரவல் திட்டம் தொடங்கியபின், அட்டையின் உட்புறத்தில் ஒரு கட்டம் தோன்றியது. ஆண்டுதோறும் அந்நூலைப் பெற்ற மாணவரின் பெயர் அதில் ஏறியது.

பழைய புத்தகம் ஒன்று கிடைத்தால், கதையைப் படிக்குமுன் அதன் உடம்பைப் படிக்க வேண்டும். விலை அணாவில் இருந்தால், அது பெரும்பாலும் 1957-க்கு முற்பட்டது. அவ்வாண்டில்தான் இந்தியா புதிய காசு முறைக்கு மாறியது. ணை, லை, னை ஆகியவை துதிக்கைபோல் வளைந்த கொம்புடன் இருந்தால், 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு எனக் கருதலாம். மேலுறை நாளிதழ்த் தாளாயின் அதிலுள்ள தேதியையும் நோக்குக. 1924-இல் தோன்றி 2019-இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' தாளாகவும் அது இருக்கலாம்.

வீட்டிலுள்ள மிகப் பழைய புத்தகத்தைக் கொண்டுவருமாறு என் மாணவர்களிடம் கூறுவதுண்டு. ஒருமுறை ஒரு மாணவன் கொணர்ந்த நல்லதங்காள் கதையின் முதற்பக்கத்தில், கோணல் எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அவனுடைய கொள்ளுப்பாட்டியின் பெயர் அது. அவருக்கு எழுதத் தெரியும் என்பதை அக்குடும்பத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை. பால் மரம் வெட்டிய கை எழுதிய ஒரே சான்று அதுவே.

நீலாய், லாபு வட்டாரங்களில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை விட்டுக் குடிபெயர்வோர் முதலில் கழிப்பது பழைய தாள்களைத்தான். அன்பர்களே, பழந்தாள் வாங்குபவரிடம் கட்டுக்கட்டாகக் கொடுக்குமுன் ஒவ்வொரு புத்தகத்தின் முதற்பக்கத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். பெயர் இருந்தால், அவர் யார் என்று வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.