பெயரும் உழைப்பும்: ஹவானா கிளப் றம் பற்றிய ஒரு குறிப்பு

பழைய குடும்பமொன்றின் மதுபானப் பெயர் மீண்டும் சந்தைக்கு வரும்பொழுது, அதனை மரபின் மீட்சியெனக் கொள்ளல் வழக்கம். கியூபாவின் ஹவானா கிளப் றம்மின் வரலாறு இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது.

அரெச்சபாலா குடும்பத்தினர் 1878இல் கார்தெனாஸ் நகரில் தம் நிறுவனத்தைத் தொடங்கினர்; 1934இல் இப்பெயரை அறிமுகஞ் செய்தனர். 1960இல் புரட்சி அரசு அந்நிறுவனத்தைத் தேசியமயமாக்கியது. அமெரிக்காவில் குடும்பத்தினரின் வர்த்தகச் சின்னப் பதிவு 1973இல் காலாவதியாயிற்று. 1976இல் கியூப அரச நிறுவனமொன்று அதனைத் தன் பெயரிற் பதிந்துகொண்டது. 1993இல் பிரெஞ்சுக் கம்பனியான பெர்னோ றிக்கார் கியூபாவின் பங்காளியாயிற்று. கியூபாவிலிருந்து வெளியேறிய பக்கார்டிக் கம்பனியோ, அரெச்சபாலா குடும்பத்தினரின் உரிமைகளை வாங்கி, புவேர்ட்டோ றிக்கோவில் வடித்த றம்மை 2006இல் அதே பெயருடன் புளோரிடாவில் அறிமுகஞ் செய்தது.

இவ்வழக்குகளில் இரு தரப்பினரும் வாதாடியது பெயருரிமை பற்றியே. ஆயின், அரெச்சபாலா நிறுவனம் தோன்றிய காலத்திற் கியூபாவில் அடிமைமுறை நிலவியது. 1886இலேயே அது ஒழிக்கப்பட்டது. அடிமைகளும் பின்னர் கூலியாட்களும் வெட்டிய கரும்பின் மீதே கியூபாவின் றம் தொழில் எழுந்தது. அவ்வுழைப்பாளரின் பெயர் எப்பதிவேட்டிலும் சின்னமாகவில்லை. அவர்களை உள்ளடக்காத மரபு மீட்சியைச் சொத்துரிமையின் மீட்சி என்றே நாம் கருதவேண்டியுள்ளது.